கல்வெட்டும் கணக்கேடும்

தருமஞ் செய்தவர் பெயரைக் கல்லிலே பொறித்து வைத்தல் நம்மவரிடையே நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கமாகும். கேணி தோண்டியவர், மடங் கட்டியவர், தெருவோரத்திலே சுமைதாங்கி நிறுத்தியவர், மாடுகள் உடம்பை உரோஞ்சுவதற்கென ஆவுரோஞ்சிக்கல் நாட்டியவர் ஆகிய எல்லாருடைய பெயர்களும் ஏதோ ஒரு கல்லிலே எழுதப்பட்டிருத்தலை யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் இன்றுங் காணலாம். இதனை நாம் குறைகூற வரவில்லை. பெயர் நிலைக்க வேண்டுமென்ற ஆசையினாலே ஒரு கேணி உண்டாகுமாயின், அந்த ஆசையும் நல்லதே. மாடு கல்லைப் படித்துப் பார்த்துவிட்டா உரோஞ்சுகிறது?

தரும வைத்தியசாலைகளிலே இவ்வழக்கம் இன்னும் ஒருபடி மேலே சென்றுவிட்டது. கட்டிலின் தலைமாட்டிலே ஒரு பெயர், சுவர்க் கடிகாரத்திலே ஒரு பெயர், தண்ணீர்த் தாங்கியிலே ஒரு பெயர், மின்விசிறியின் இறக்கையிலே ஒரு பெயர். விசிறி சுழலும்போது அப்பெயரை வாசிக்க முடியாது. மின்சாரம் நின்றுவிட்டாலே உபகாரி யாரென்று நோயாளருக்குத் தெரியவரும். எனினும் எத்தனையோ தரும வைத்தியசாலைகளுக்குச் சென்றிருக்கின்ற நாம், மருந்திருப்புப் பதிவேட்டின் மேலட்டையிலே உபயகாரர் பெயரை ஓரிடத்திலாவது கண்டதில்லை. கணக்கு எழுதுபவரின் சம்பளத்தை இன்னார் உபகரித்தனர் என்று பொறித்த கல்லும் எங்கும் இல்லை. இக்கட்டுரையின் விஷயம் அதுவே.

முற்காலத்திலே தனிப்பட்ட செல்வர்கள் செய்துவந்த தருமத்தை இக்காலத்திலே கம்பனிகளும் செய்ய முன்வந்துள்ளன. இதற்குக் கூட்டாண்மைச் சமூகப் பொறுப்பு என்று நீண்டதொரு பெயரையுஞ் சூட்டியிருக்கின்றனர். ஊரிலிருந்து இலாபம் எடுப்பவர் ஊருக்கும் ஒரு பங்கு கொடுத்தல் வேண்டும் என்பதே இதன் சாரம். இந்தியாவிலே இது சட்டமாகவே ஆகிவிட்டது. 2013ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி, 500 கோடி ரூபாவுக்குக் குறையாத நிகர மதிப்போ, 1000 கோடி ரூபாவுக்குக் குறையாத விற்பனையோ, 5 கோடி ரூபாவுக்குக் குறையாத நிகர இலாபமோ உடைய கம்பனிகள், தமது முன்னைய மூன்று ஆண்டுகளின் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு இரண்டு வீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிடுதல் வேண்டும். இவ்விதி 2014ஆம் ஆண்டு ஏப்ரல் முதலாந் திகதி தொடக்கம் நடைமுறைக்கு வந்தது. நமது நாட்டின் 2007ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டத்திலே இத்தகைய கட்டாயம் இல்லை. இங்கே கொடுப்பவர்கள் மனமுவந்தே கொடுக்கின்றனர். 2011ஆம் ஆண்டில் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரைக்கும் பலர் கால்நடையாக நடந்து, தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு நிதி திரட்டியமையை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அம்முயற்சியை முன்னின்று நடத்தியவர்களுள்ளே கம்பனி உத்தியோகத்தர்களும் இருந்தனர்.

அரசாங்க வைத்தியசாலைகளிலே இலவசமாகச் சிகிச்சை கிடைக்கும் நாட்டிலே தரும வைத்தியசாலைகள் எதற்கு என்று சிலர் வினவுவதுண்டு. இவ்வினாவைக் கேட்பவர்கள் பெரும்பாலும் பட்டினவாசிகளாகவே இருப்பர். பதினைந்து கிலோமீற்றர் தூரத்திலே பெரிய ஆஸ்பத்திரி இருக்கின்றது, உண்மையே. ஆனால் நடுச்சாமத்திலே பிள்ளைக்குக் காய்ச்சல் கொதிக்கும்போது ஓட்டோ தேடி ஓடும் தாய்க்கு அந்தப் பதினைந்து கிலோமீற்றர் ஒரு தேசாந்தரம் ஆகும். வீட்டுக்கு அண்மையிலே, முகம் அறிந்த தாதியரிடம், சிறு கட்டணத்துக்கோ கட்டணமின்றியோ வைத்தியம் பெறும் வசதியை ஊர்மக்கள் எளிதிலே கைவிடார். இவ்வழி நமக்குப் புதியதுமன்று. அமெரிக்காவிலிருந்து 1847ஆம் ஆண்டில் வந்த டொக்டர் சாமுவேல் கிறீன் மானிப்பாயிலே நிறுவிய வைத்திய நிலையம் அவர் பெயராலேயே இன்றும் வழங்குகின்றது. அவர் கட்டடத்தோடு நின்றுவிடாமல், நம்மவர்க்குத் தமிழிலேயே மேலைநாட்டு வைத்தியத்தைக் கற்பித்தார். வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். ஆட்களை உருவாக்காமல் ஆஸ்பத்திரியை உருவாக்க முடியாது என்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார் போலும். பின்னர் 1930களில் மூளாயிலே ஊர்மக்கள் ஒன்றுகூடிக் கூட்டுறவு முறையிலே ஒரு வைத்தியசாலையை எழுப்பினர்.

இனி நமது கிராமத்துக்கு வருவோம். இங்குள்ள தரும வைத்தியசாலை பெரியதன்று. சில கட்டில்கள், ஒரு வெளிநோயாளர் பகுதி, ஒரு மருந்தறை, இராக்காலத்திலே பிள்ளைகளையும் முதியோரையும் வைத்துப் பார்க்கும் ஒரு சிறு விடுதி, இவ்வளவே. சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கம்பனியார் இதற்கு ஸ்கான் இயந்திரம் ஒன்றை அன்பளிப்புச் செய்தனர். கையளிப்பு விழா மிக விமரிசையாக நடந்தது. மேளமும் பூரணகும்பமும் வைத்து இயந்திரத்தை வரவேற்றனர். ஆனால் அதனை இயக்கத் தெரிந்தவர் ஊரிலே ஒருவரும் இல்லை. கிழமைக்கு ஒருமுறை பட்டினத்திலிருந்து வந்துபோன வைத்தியர் நான்கு மாதத்தில் வருவதை நிறுத்திவிட்டார். மின்னழுத்தம் ஏறியிறங்கியதனால் உள்ளே ஏதோ ஒரு பாகம் எரிந்துபோயிற்று. பழுதுபார்ப்பதற்குக் கேட்கப்பட்ட தொகையைக் கண்டு நிருவாக சபையார் வாய்மூடிவிட்டனர். அன்பளித்த கம்பனியாரின் பதிவேட்டிலே அந்த வேலை நிறைவேறிய வேலை. அதன்பின் அவ்வியந்திரம் வெள்ளைத் துணியாற் போர்த்தப்பட்டு, வருகைப் பதிவேடு வைக்கும் மேசையாகப் பயன்பட்டு வந்தது. நேர்த்தியான மேசைதான், சில்லும் பூட்டியிருக்கின்றது.

இது நமது கிராமத்துக்கு மாத்திரம் உரிய விதியன்று. உலகச் சுகாதார நிறுவனம் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு நூலிலே, வளர்ந்துவரும் நாடுகளுக்குக் கொடையாகச் செல்லும் வைத்தியக் கருவிகளிலே நூற்றுக்குப் பத்து முதல் முப்பது வீதமானவையே இயங்கும் நிலையை அடைகின்றன என்று எடுத்துக் காட்டப்பட்டுள்ளது. எஞ்சியவை என்னவாயின என்று எண்ணிப் பார்க்குமிடத்து, உலகமெங்கும் எத்தனை வெள்ளைத் துணிகள் விரிந்திருக்கின்றனவோ என்று வியப்புண்டாகின்றது. கருவி கெட்டதன்று, கொடுத்தவர் மனமும் கெட்டதன்று. இயக்குபவருக்குச் சம்பளம், உதிரிப் பாகத்துக்குப் பணம், ஆண்டுதோறும் பரிசோதனை, மின்சாரத்துக்குக் காப்பு ஆகிய இவையெல்லாம் கருவியோடு சேர்ந்து வரவேண்டியவை. இவற்றுக்குத்தான் உபகாரிகள் அகப்படுவதில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் நமது தமக்கையாரின் கண்ணிலே புரை முற்றியபோது, அவரை அழைத்துக்கொண்டு மதுரைக்குச் சென்றோம். அண்ணாநகரிலுள்ள அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றி முன்னரே கேள்விப்பட்டிருந்தோம்; எனினும் நேரிற் கண்டபோது உண்டான உணர்ச்சி வேறு. நம்மை வியப்பில் ஆழ்த்தியது கட்டடமுமன்று, கருவியுமன்று. அங்கே கூட்டம் நகர்ந்த விதமே. திருவிழாக் கூட்டம் போன்ற சனத்திரளிலே, ஒருவரும் எங்கே போவதென்று தெரியாமல் திகைத்து நிற்கக் கண்டிலோம். பதிவு, கண்ணழுத்தம் பார்த்தல், மருந்து விடுதல், மறுபடி பார்த்தல் என்று ஒவ்வொரு படியிலும் ஒரு பெண் நின்று அடுத்த படிக்கு வழிகாட்டினாள். “அம்மா, கண்ணை மூடிக்கிட்டு இங்கேயே உட்காருங்க, நானே வந்து கூப்பிடுறேன்” என்று சொல்லிச் சென்ற பெண், சொன்னபடியே வந்து கூப்பிட்டாள். “ஆஸ்பத்திரியிலை ‘வாறன்’ எண்டு சொல்லிப்போட்டு வந்தவையை இப்பதான் கண்டன்” என்றார் தமக்கையார். எழுபத்தைந்து ஆண்டு அனுபவத்தின் பின்னர் அவர் வழங்கிய நற்சாட்சிப் பத்திரம் அது.

இப்பெண்களுட் பெரும்பாலோர் கிராமத்துக் குடும்பங்களிலே பிறந்தவர்கள். பள்ளிப் படிப்பு முடிந்ததும் அவர்களைத் தெரிந்தெடுத்து இரண்டு ஆண்டுகள் பயிற்றுகின்றனர். வைத்தியர் மாத்திரமே செய்யக்கூடிய வேலை எது, பயிற்சி பெற்ற பிறர் செய்யக்கூடிய வேலை எது என்று அங்கே நுணுக்கமாகப் பிரித்திருக்கின்றனர். அறுவைச் சிகிச்சைக் கூடத்திலே ஒரு வைத்தியருக்கு இரண்டு மேசைகள். ஒரு மேசையிலே அவர் வேலை செய்து கொண்டிருக்கும்போதே மற்ற மேசையிலே அடுத்த நோயாளி ஆயத்தமாகிவிடுகின்றார். இதனால் அங்குள்ள ஒரு வைத்தியர் ஆண்டொன்றில் 2000 அளவிலான சிகிச்சைகளைச் செய்ய முடிகின்றது.

இதனைத் தோற்றுவித்தவர் டொக்டர் கோ. வெங்கடசாமி. 1918ஆம் ஆண்டில் வடமலாபுரம் என்னும் சிற்றூரிலே பிறந்தவர். இளவயதிலேயே முடக்குவாதம் பற்றி விரல்கள் கோணிப்போயின. அக்கோணல் விரல்களையே பழக்கி, ஓர் இலட்சத்துக்கும் அதிகமான கண்களுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். அரசாங்க சேவையிலிருந்து 58 வயதில் இளைப்பாறி, 1976ஆம் ஆண்டில் பதினொரு கட்டில்களோடு மருத்துவமனையைத் தொடங்கினார். வீட்டை ஈடுவைத்தும் குடும்பத்தாரின் நகைகளை அடகு வைத்தும் அதனை வளர்த்தார். 2006ஆம் ஆண்டில் அவர் காலமானபோது அது உலகறிந்த நிறுவனமாகியிருந்தது. அமெரிக்காவிலே இறைச்சிப் பணியாரம் விற்கும் மக்டொனால்ட்ஸ் கடைகளிலே எல்லா இடத்திலும் ஒரே தரமும் ஒரே ஒழுங்கும் இருத்தலைக் கண்டு, கண் வைத்தியத்தையும் ஏன் இவ்வாறு கொடுக்கக் கூடாது என்று அவர் அடிக்கடி கேட்பாராம். அரவிந்தரிடத்தே ஆழ்ந்த பக்தி பூண்ட ஒருவர் இவ்வுவமையை எடுத்தாண்டமை சிலருக்கு அருவருப்பாகத் தோன்றலாம். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. ஒழுங்கு எங்கே கிடைத்தாலும் எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே.

பணங் கொடுக்க வல்லவர்கள் கொடுக்கின்றனர். மாட்டாதவர்கள் இலவசமாகவோ மிகச் சிறு தொகைக்கோ சிகிச்சை பெறுகின்றனர். அன்றாட வைத்தியச் செலவுக்கு அம்மருத்துவமனை நன்கொடையை நம்பி இருப்பதில்லை என்பது கவனிக்கத்தக்கது. கண்ணுள்ளே வைக்கும் லென்ஸ் ஒன்று நூறு டொலர் அளவில் விற்ற காலத்திலே, 1992ஆம் ஆண்டில் ஆரோலேப் என்னுந் தொழிற்சாலையைத் தாமே அமைத்து அதன் விலையைப் பத்து டொலர் அளவுக்கு இறக்கினர்.

அப்படியாயின் கம்பனிகளுக்கும் கழகங்களுக்கும் அங்கே என்ன வேலை? இங்கேதான் நாம் கற்கவேண்டிய பாடம் இருக்கின்றது. கிராமங்களிலே கண் சிகிச்சை முகாம் நடத்தும்போது, லயன்ஸ், றோட்டரி போன்ற கழகங்களும், வங்கிகளும், ஆலைகளும், கோயிற் சபைகளும் அம்முகாமைப் பொறுப்பேற்கின்றன. இடம் பார்த்தல், ஊர்தோறும் அறிவித்தல், தொண்டரைத் திரட்டுதல் ஆகியவை அவர்களுடைய வேலை. வைத்தியமும் தரமும் மருத்துவமனையின் வேலை. ஒருவர் வேலையில் மற்றவர் கைவைப்பதில்லை. ஆலை முதலாளியார் கண்ணைப் பார்ப்பதுமில்லை; வைத்தியர் பந்தல் போடுவதுமில்லை.

இதனினுஞ் சிறந்த உதவி ஒன்று 1992ஆம் ஆண்டிலே நிகழ்ந்தது. லயன்ஸ் சர்வதேசக் கழகத்தினரின் கண்ணொளித் திட்டமும், அமெரிக்காவிலுள்ள சேவா என்னும் தொண்டு நிறுவனமும் துணைநிற்க, மதுரையிலே ஒரு கல்வி நிலையம் உண்டாயிற்று. அங்கே கற்பிப்பது சத்திரசிகிச்சையன்று; மருத்துவமனையை நடத்தும் முறை. பிற நாடுகளிலும் இந்தியாவின் பிற மாநிலங்களிலும் நலிந்து கிடக்கும் தருமக் கண் வைத்தியசாலைகளுக்கு முதலில் ஆட்களை அனுப்பி அங்குள்ள குறைபாடுகளை ஆராய்கின்றனர். அதன்பின் அவ்வைத்தியசாலையின் வைத்தியர், தாதியர், நிருவாகி முதலிய பலரையும் ஒரே குழுவாக மதுரைக்கு அழைத்து, ஒரு கிழமையளவில் அங்கேயே தங்கவைத்துத் திட்டம் வகுக்கச் செய்கின்றனர். தனியே வைத்தியர் வந்தால் ஊருக்குத் திரும்பியதும் மற்றவர்கள் கேளார். தனியே நிருவாகி வந்தால் வைத்தியர் கேளார். ஆதலாலேயே குழுவாக அழைக்கின்றனர். பின்னரும் சென்று பார்த்து வருகின்றனர். இவ்வாறு முந்நூறுக்கும் மேற்பட்ட வைத்தியசாலைகள் பயன்பெற்றிருக்கின்றன. இந்நிலையத்தை உண்டாக்க அளித்த பணத்துக்கு எத்தனையோ ஸ்கான் இயந்திரங்களை வாங்கி, எத்தனையோ விழாக்களை நடத்தியிருக்கலாம்.

மதுரையிலிருந்து திரும்பி நாம் பெட்டியை அவிழ்க்கு முன்னரே, வைத்தியசாலை நிருவாக சபைத் தலைவர் வீட்டுக்கு வந்துவிட்டார். அவர் இளைப்பாறிய தபாலதிபர். எடுத்த காரியத்தை முத்திரை குத்தாமல் விடமாட்டார். 2022ஆம் ஆண்டில் நாட்டைப் பற்றிய பொருளாதார நெருக்கடியிலே மருந்து விலையும் எரிபொருள் விலையும் ஏறியதிலிருந்து வைத்தியசாலை கடனிலே தள்ளாடியது. இராவிடுதியை மூடுவதென்று முடிவாகி, அறிவித்தலும் எழுதி வைத்திருந்தனர். திகதி மாத்திரம் இடப்படவில்லை. இந்நிலையிலே கொழும்பிலுள்ள ஒரு கம்பனியார், தமது சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து ஒரு எக்ஸ்றே இயந்திரம் தருவதாக அறிவித்திருந்தனர். நன்றிக் கடிதத்தை நல்ல தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதித் தருமாறு தலைவர் நம்மைக் கேட்டார்.

கடிதம் எழுதுவதன் முன்னர் சபையாரோடு ஒருமுறை கூடிப் பேசலாம் என்றோம். அன்று மாலை வைத்தியசாலை விறாந்தையிலே கூட்டம் நடந்தது. தலைமைத் தாதியார் அதிகம் பேசாதவர். அன்று அவர் மருந்தறைத் திறப்பை மேசைமேலே வைத்துவிட்டு, “மாஸ்டர், எக்ஸ்றே வரட்டும், வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஆனா இந்த அறைக்குள்ளை என்ன கிடக்குது, என்ன முடிஞ்சுது எண்டு எனக்கே தெரியாது. நோயாளியைப் பாக்கிறதோ, குளிசை எண்ணுறதோ?” என்றார். தனாதிகாரியார் ஊரிலே பலசரக்குக் கடை நடத்துபவர். அவர் சிரித்தார். “என்ரை கடையிலை ஒரு நெருப்புப்பெட்டி குறைஞ்சாலும் பின்னேரம் எனக்குத் தெரியும். இஞ்சை ஒரு பெட்டி மருந்து குறைஞ்சாலும் ஒருத்தருக்கும் தெரியாது. ஆனா அதுக்கு ஆள் வைக்கக் கொம்பனிக்காரன் காசு தருவானோ?” என்றார்.

கேட்டுப் பார்ப்பதென்று தீர்மானமாயிற்று. நன்றிக் கடிதமாகத் தொடங்கியது வேண்டுகோட் கடிதமாக முடிந்தது. எக்ஸ்றே இயந்திரத்துக்குப் பதிலாக, மருந்திருப்பையும் வரவுசெலவையும் ஒழுங்கு செய்யத் தெரிந்த ஒருவரை இரண்டு ஆண்டுகளுக்கு உதவுமாறும், அவரிடம் பயில ஓர் உள்ளூர்ப் பிள்ளைக்கு அக்காலத்துக்குச் சம்பளம் தருமாறும் கேட்டிருந்தோம். போர்வைக்குள்ளே கிடந்த ஸ்கான் இயந்திரத்தையும் மறையாமல் எழுதினோம். தலைவர் அவ்வாக்கியத்தை மூன்று முறை வாசித்துவிட்டே ஒப்பமிட்டார்.

கம்பனியிலிருந்து விசாரிக்க வந்தவர் ஓர் இளம்பெண்; நமது பகுதியைச் சேர்ந்தவரே. மிக மரியாதையாகப் பேசினார். ஆயினும் அவருக்கு ஒரு கஷ்டம் இருந்தது. “ஐயா, நீங்கள் சொல்லுறது எனக்கு விளங்குது. ஆனா எங்கடை வருடாந்த அறிக்கையிலை ஒரு படம் போடவேணும். கணக்குக் கொப்பியைப் படம் பிடிச்சுப் போட்டால் ஆர் பாப்பினம்?” என்றார். நாம் இதனைக் கேட்டுச் சினங் கொள்ளவில்லை. அவருடைய மேலதிகாரிகளுக்கும் பங்குதாரர்கள் இருக்கின்றனர். பங்குதாரர்களுக்கும் கண்கள் இருக்கின்றன. இந்தியச் சட்டமும்கூட, கம்பனி தனது சமூகப்பணிப் பிரிவை நடத்துவதற்கான செலவை மொத்தத் தொகையின் நூற்றுக்கு ஐந்து வீதத்துக்கு மேற்படாமல் வைக்குமாறு கட்டளையிடுகின்றது. அக்கட்டளை நியாயமானதே. ஆனால் அதனைப் போன்ற எண்ணமே, வைத்தியசாலை தன்னை நடத்துவதற்குச் செய்யும் செலவையும் ஒரு வீண்செலவாகப் பலர் கருதும்படி செய்துவிட்டது. சுவரும் கூரையும் தருமம், சுவருக்குள்ளே நடக்கும் ஒழுங்கு தருமமன்று என்பது எவ்வகை நியாயமோ, நாம் அறியோம்.

இரண்டு மாதங் கழித்து மறுமொழி வந்தது. பணமாக அவர்கள் தந்தது சிறிதே: பயிலும் பிள்ளையின் சம்பளமும் ஒரு கணினியும். ஆனால் அவர்களுடைய பண்டகசாலையிலே முப்பது ஆண்டுகள் பொறுப்பாக இருந்து இளைப்பாறிய ஒருவரை, கிழமைக்கு இரண்டு நாள் அனுப்பிவைத்தனர். தேயிலைப் பெட்டிகளை எண்ணியவருக்குக் குளிசை எண்ணத் தெரியுமா என்று ஊரிலே பகிடி பண்ணியவர்கள் பலர். அவர் ஒருவருடைய பகிடியையும் பொருட்படுத்தாமல், முதல் மூன்று கிழமையும் ஒன்றும் செய்யாமற் பார்த்துக்கொண்டிருந்தார். மருந்து எப்போது வருகின்றது, யார் வாங்குகின்றார், எங்கே வைக்கின்றார், எவர் எடுக்கின்றார் என்று ஒரு சிறு கொப்பியிலே குறித்து வந்தார்.

அவர் கண்டவற்றை விரித்துரைக்கப் புகின் இடம் போதாது. ஒரே காய்ச்சல் மருந்தை மூன்று இடத்திலே மூன்று விலைக்கு வாங்கியிருந்தனர். ஒசுசலவிலே குறைந்த விலைக்குக் கிடைப்பதை, அவசரத்திலே சந்திக் கடையிலே கூடிய விலைக்கு வாங்கிய சந்தர்ப்பங்கள் பல. புதிதாக வந்த பெட்டியை முன்னாலே வைத்து, பழையதைப் பின்னாலே தள்ளும் வழக்கத்தினாலே, காலங் கடந்த மருந்துகள் அலுமாரியின் ஆழத்திலே குவிந்திருந்தன. முதலிற் காலாவதியாவது எதுவோ அதுவே முதலில் வெளியேறவேண்டும் என்று எழுதி அலுமாரிக் கதவிலே ஒட்டினார். ஒவ்வொரு மருந்துக்கும் ஓர் அட்டை. இருப்பு இன்ன அளவுக்குக் குறைந்தால் வாங்குதல் வேண்டும் என்பதற்குச் சிவப்புக் கோடு. இவற்றிலே ஒன்றும் பெரிய வித்தையன்று. தனாதிகாரியாரின் கடையிலே நெடுங்காலமாக நடப்பதுதான்.

எதிர்பாராத ஒன்றும் வெளிப்பட்டது. இராவிடுதியே வைத்தியசாலையின் பெருஞ் செலவு என்று எல்லாரும் நம்பியிருந்தனர். கணக்கைப் பிரித்து எழுதியபோது, இராவிடுதியின் செலவு என்று எண்ணப்பட்டதிலே பெரும்பகுதி மின்பிறப்பாக்கியின் எரிபொருட் செலவென்பதும், அவ்வியந்திரம் விடுதிக்காக அன்றிப் பழைய குளிரூட்டி ஒன்றுக்காகவே இரா முழுவதும் ஓடியதென்பதும் தெரியவந்தன. குளிரூட்டியை மாற்றுவதற்கு வெளிநாட்டிலுள்ள ஊரவர் ஒருவர் பணம் அனுப்பினார். திகதி இடப்படாத அறிவித்தலைத் தலைவர் ஒருநாள் தாமே கிழித்தார். ஸ்கான் இயந்திரத்துக்கு மாத்திரம் இன்னும் விமோசனம் பிறக்கவில்லை.

வியாபாரத்தின் முறைகளை வைத்தியசாலைக்குள்ளே புகுத்துதல் ஆபத்து என்று சொல்வாரும் உளர். அவர்களுடைய அச்சத்தை நாம் ஏளனஞ் செய்யோம். நோயாளி ஒரு பெட்டியல்லன். எத்தனை பேரைப் பார்த்தீர், எத்தனை நிமிடத்திலே பார்த்தீர் என்று மாத்திரம் கணக்கெடுக்கும் நாள் வந்தால், அன்று தருமம் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடும். பண்டகசாலைக்காரர் ஒருமுறை, வெளிநோயாளரை ஒருவருக்கு இவ்வளவு நிமிடம் என்று மட்டுக்கட்டலாமே என்று யோசனை கூறினார். தலைமைத் தாதியார் எழுந்து நின்று, “ஐயா, கிழவியள் வருத்தம் சொல்ல முதல் மகன்ரை கதை சொல்லுவினம். அதைக் கேளாமல் மருந்து குடுக்கேலாது” என்றார். யோசனை அத்தோடு நின்றது. பண்டகசாலைக்காரரும் அதன்பின்னர் மருந்தறையைத் தாண்டி வரவில்லை. கம்பனியிலிருந்து வருபவர் எவ்விடத்தில் நிற்கவேண்டும் என்பதை வைத்தியசாலையாரே சொல்லவேண்டும். சொல்லும் துணிவு, இயந்திரத்தை மாத்திரம் வாங்கிக்கொள்பவர்களுக்கு எளிதில் உண்டாவதில்லை.

பயில வந்த பிள்ளை உயர்தரப் பரீட்சையிலே வணிகம் பயின்றவள். முதலில் கூச்சப்பட்டாள். இப்பொழுது மருந்து முகவர்கள் அவளைக் கண்டால் விலைப்பட்டியலை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்துக்கொண்டே உள்ளே வருகின்றனர். சென்ற ஆண்டுக் கம்பனி அறிக்கையிலே, திறந்த மருந்தலுமாரியின் முன்னே அவள் கையில் அட்டையோடு நிற்கும் படம் வெளிவந்திருந்தது. படம் பிடிக்க ஒன்றுமில்லையே என்று வருந்திய அந்த இளம் அதிகாரியே வந்து பிடித்துச் சென்றது அது.

வருகின்ற சித்திரையோடு இரண்டு ஆண்டும் நிறைவுறுகின்றது. அதன்பின்னர் பண்டகசாலைக்காரர் வரமாட்டார். பிள்ளையின் சம்பளமும் கம்பனியிலிருந்து வராது. வெளிநோயாளர் துண்டுக் காசிலிருந்தும், மருந்து வாங்குவதில் மிஞ்சும் பணத்திலிருந்தும் அச்சம்பளத்தைக் கொடுக்கலாமா என்று சென்ற கூட்டத்திலே ஆராய்ந்தனர். கூட்டிப் பார்த்தபோது மாதமொன்றுக்குச் சிறிது தொகை குறைந்தது. தனாதிகாரியார் கணக்கேட்டைத் தமது பக்கம் இழுத்து, மின்சாரச் செலவு என்ற நிரலை மேலிருந்து கீழாக மறுபடியும் வாசிக்கத் தொடங்கினார். அடுத்த கூட்டம் பங்குனி இரண்டாம் ஞாயிறு, பிற்பகல் நான்கு மணிக்கு.